வரைபடத்தில் இல்லாத பாறை: துருவக் கடலில் கப்பல் எப்படி வழி பார்க்கிறது?

2010 ஆகஸ்ட் 27, மாலை ஆறரை மணி. கனடாவின் வடகோடியில், நூனவுட் பகுதியிலுள்ள கொரோனேஷன் வளைகுடா. 128 பயணிகளோடு ‘கிளிப்பர் அட்வென்ச்சரர்’ என்ற கப்பல் குக்லுக்டுக் என்ற சிற்றூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வேகம் 13.9 நாட், அதாவது மணிக்குச் சுமார் 26 கி.மீ. அதே வேகத்தில் போய், நீருக்கடியில் இருந்த ஒரு பாறைமேட்டின் மேல் ஏறி நின்றுவிட்டது.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கனடா கடலோரக் காவல்படையின் பனியுடைப்புக் கப்பல் ‘அமண்ட்சென்’ பயணிகளை ஏற்றிக்கொண்டது இரண்டு நாள் கழித்து, 29ஆம் தேதிதான். பாறையிலிருந்து கப்பலை விடுவிக்க செப்டம்பர் 14 வரை ஆனது.

துருவக் கடலில் கப்பல் விபத்து என்றால் எல்லோருக்கும் டைட்டானிக்தான் நினைவுக்கு வரும். இருட்டில் ஒரு பனிமலை, அதில் மோதும் கப்பல். பனி ஆபத்தானதுதான், அதற்கும் வருகிறேன். ஆனால் அண்மைக் காலத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தால் திரும்பத் திரும்ப வருவது வேறொரு சொல்: தரைதட்டியது. பனியையாவது கண்ணால் பார்க்கலாம், ரேடாரில் பார்க்கலாம். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் அங்கே அடிப்படைப் பிரச்சினை. துருவக் கடலில் பாதுகாப்பு என்பதே ‘நமக்கு எது தெரியாது’ என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டுவதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை முதலிலிருந்து பார்ப்போம்.

சார்ட்டில் இருக்கும் எண்கள்

கப்பல்காரர்கள் கடல் வரைபடத்தை ‘சார்ட்’ என்பார்கள். கடற்கரை, தீவுகள், கலங்கரை விளக்கங்கள் தவிர, நீர்ப்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன எண்கள் இறைந்து கிடக்கும். ஒவ்வொரு எண்ணும் அந்த இடத்தில் நீரின் ஆழம். கப்பல் நீருக்குள் ஐந்து மீட்டர் அமிழ்ந்திருந்தால் ஐந்துக்குக் கீழே உள்ள எண் எதையும் நெருங்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம், எண்கள் சரியாக இருக்கும்வரை.

அந்த எண்கள் எப்படி வந்தன? பழைய காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் படகிலிருந்து இறக்கி, குண்டு தரையைத் தொட்டதும் கயிறு எவ்வளவு நனைந்தது என்று பார்த்தார்கள். நம் கடற்கரையிலும் அப்படிப் பாகம் (விரித்த இரு கைகளின் நீளம்) கணக்கில் ஆழம் சொல்லும் பழக்கம் உண்டு. பிறகு எக்கோ சவுண்டர் வந்தது. கப்பலின் அடியிலிருந்து ஒலி கீழே போகும், தரையில் பட்டு எதிரொலித்துத் திரும்பும். நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். திரும்ப ஆன நேரத்தைப் பாதியாக்கிப் பெருக்கினால் ஆழம். ஆனால் இது கப்பல் போன கோட்டுக்கு நேர் கீழே மட்டும்தான் அளக்கும். இன்றைய பல்கற்றைச் சோனார் அப்படியல்ல. விசிறி விரித்த மாதிரி இரு பக்கமும் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை அனுப்பி, கடலடியை ஓர் அகலமான பட்டையாகப் படமெடுக்கும். பட்டையும் பட்டையும் ஒன்றன் ஓரத்தில் ஒன்று ஏறும்படி ஓட்டினால் இடையில் எதுவும் தப்பாது.

கிளிப்பர் அட்வென்ச்சரர் போன வழிக்குச் சார்ட்டில் இருந்தது 1965இல் எடுத்த ஒற்றை வரிசை ஆழ எண்கள். ஒரு பெரிய தரிசுக் காட்டில் ஒருவர் ஒற்றையடிப் பாதையாக நேரே நடந்து போய்விட்டு, ‘நான் போன வழியில் பாழுங்கிணறு எதுவும் இல்லை’ என்று எழுதி வைத்தால் எப்படியோ, அப்படி. அவர் சொன்னது உண்மைதான். அவர் கால் வைத்த தடத்துக்கு மட்டும் உண்மை. பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, அவரை நம்பிப் பின்னால் வருபவருக்கும் தெரியாது.

சார்ட்டில் எண் இல்லாமல் வெறுமையாக இருக்கும் இடம் ஆழமான இடம் அல்ல, யாரும் அளக்காத இடம். புதிதாகச் சார்ட்டைப் பார்க்கும் ஒருவர் வெறுமையான நீரைப் பார்த்ததும் ‘இங்கே தடை எதுவும் இல்லை போலிருக்கிறது’ என்றுதான் நினைப்பார். கனடாவின் ஆர்க்டிக் கடலில் இன்றைய தரத்துக்கு அளந்து முடித்த பகுதி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் பழைய எண்கள், ஒற்றை வரிசைகள், அல்லது வெறும் தாள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பலின் இடத்தை ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சார்ட்டை வரைந்தவருக்கு ஜிபிஎஸ் கிடையாது. நட்சத்திரத்தையும் சூரியனையும் வைத்துக் கணக்கிட்ட தீவு, உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி வரைபடத்தில் உட்கார்ந்திருக்கலாம். அப்போது திரையில் கப்பல் நடுநீரில் போவதுபோலத் தெரியும், நிஜத்தில் கரையோரமாகப் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மாலுமி துருவப் பகுதியில் ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் நம்புவதில்லை. ரேடாரில் கரை எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று பார்த்து, அதைச் சார்ட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

பதினான்கு நொடி

‘எக்கோ சவுண்டர் கப்பலிலேயே இருக்கிறதே, ஆழம் குறைந்தால் காட்டிவிடாதா?’ என்று கேட்கலாம். காட்டும். ஆனால் அது காட்டுவது கப்பலுக்கு நேர் கீழே உள்ள ஆழத்தை, எதிரே இருப்பதை அல்ல. கிளிப்பர் அட்வென்ச்சரர் சுமார் 100 மீட்டர் நீளம். 13.9 நாட் என்றால் நொடிக்கு ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது பதினான்கு நொடியில் கப்பல் தன் முழு நீளத்தையும் கடந்துவிடும். செங்குத்தாக எழும் பாறையாக இருந்தால், திரையில் எண் சரிவதைப் பார்த்து, புரிந்துகொண்டு, இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எதிரே பார்ப்பதற்கென்று முன்னோக்கும் சோனார் என்ற கருவி இருக்கிறது. கப்பலின் மூக்குப் பகுதியிலிருந்து முன்பக்கமாக ஒலி அனுப்பி, வரப்போகும் தரையைக் காட்டும். சில நூறு மீட்டர் தூரம் பார்ப்பதே பெரிய விஷயம், அதனால் மெதுவாகப் போகும் கப்பலுக்குத்தான் அது உண்மையில் உதவும். கிளிப்பர் அட்வென்ச்சரரில் அந்தக் கருவி இருந்தது. ஆனால் பழுதாகிக் கிடந்தது.

அந்தப் பாறைமேடு யாருக்கும் தெரியாத பாறையும் அல்ல. நம் மீனவர்கள் கடலடிப் பாறைகளைப் ‘பார்’ என்பார்கள், எந்தப் பார் எங்கே என்று வாய்வழியாகவே கைமாறி வரும். இந்தப் பாரை 2007லேயே கனடா கடலோரக் காவல்படையின் ‘சர் வில்ஃப்ரிட் லோரியே’ என்ற கப்பல் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. கப்பல்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பும் வெளிவந்தது. ஆனால் சார்ட்டில் அது ஏறவில்லை. கிளிப்பர் அட்வென்ச்சரரின் அதிகாரிகள் அந்த அறிவிப்பை வாங்கிப் பார்க்கவும் இல்லை. மூன்று ஆண்டுகளாக ஓர் இடத்தில் எழுதி வைத்திருந்த பாறையின் மேல், அது எழுதப்படாத தாளை வைத்துக்கொண்டு போய் ஏறினார்கள்.

உரிமையாளர்கள் கனடா அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். அறிவிப்பு கொடுத்ததே போதுமானது, அதைத் தேடிப் படிப்பது கப்பலின் கடமை என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் வரைபடம் ஒரு பக்கம், எச்சரிக்கை ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடந்தால், களைத்துப்போன ஒரு மாலுமி ஏதோ ஒரு நாள் ஒன்றைப் பார்க்கத் தவறத்தான் செய்வார். எச்சரிக்கை தானாகவே மின்னணுச் சார்ட்டின் மேல், அந்தப் பாறை இருக்கும் இடத்திலேயே வந்து உட்கார வேண்டும். நல்ல வேளையாக, அதற்கான எஸ்-100 என்ற புதிய தரம் வந்திருக்கிறது. 2026 முதல் கப்பல்கள் அதைப் பயன்படுத்தலாம், 2029 முதல் புதிதாகப் பொருத்தும் மின்னணுச் சார்ட் கருவிகளுக்கு அது கட்டாயம். இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் தேவையான மாற்றமாகத் தெரிகிறது.

எட்டு ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 24 அன்று, ‘அகாடமிக் இயோஃப்’ என்ற கப்பல் அதே நூனவுட்டில் குகாருக் ஊருக்கு வடக்கே தரைதட்டியது. கப்பலில் 163 பேர். சரியாக அளக்கப்படாத ஒரு நீரிணைக்குள், தனக்கு முன்பின் பழக்கமில்லாத வழியில் போயிருக்கிறது. இங்கே பாறை திடீரென்று எழவில்லை. நான்கு நிமிடத்துக்கும் மேலாக ஆழம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எக்கோ சவுண்டரை யாரும் கவனிக்கவில்லை. ஆழம் குறைந்தால் ஒலிக்க வேண்டிய அபாய மணியையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

அப்படியானால் தெரியாத நீரில் எப்படித்தான் போவது? முதலாவது, வேகத்தைக் குறைப்பது. ஐந்து நாட் வேகத்தில் போனால் அதே 100 மீட்டரைக் கடக்க 39 நொடி கிடைக்கும். அதோடு, மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், 13.9 நாட் வேகத்தில் மோதுவதைவிட ஐந்து நாட் வேகத்தில் மோதினால் ஆற்றல் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். பாறை மேல் ஏறி மாட்டிக்கொள்வதற்கும், உரசிவிட்டுப் பின்வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இதுதான். அப்புறம், பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் அறையில், ஒருவருக்கு ஆழத்தைப் பார்ப்பது மட்டுமே வேலை என்று ஒதுக்கிவிடுவது. மிகவும் சந்தேகமான இடமென்றால், கையடக்க ஆழமானியோடு ஒரு ரப்பர் படகை முன்னால் அனுப்பி, அது அளந்து சொல்லும் தடத்திலேயே கப்பலைப் பின்னால் கொண்டு போவார்கள். இருட்டில் ஆள் விட்டு ஆற்றைக் கடக்கிற பழைய வழிதான்.

பனியும் திசைகாட்டியும்

பனியில் பெரிய மலைதான் ஆபத்து என்பது ஒரு பொதுவான தவறான எண்ணம். பெரிய பனிமலை ரேடாரில் தெளிவாகத் தெரியும், விலகிப் போய்விடலாம். பயப்பட வேண்டியது சிறு துண்டுகளுக்குத்தான். நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூடத் தலைகாட்டாத, ஆனால் ஒரு லாரி கனமுள்ள பனிக்கட்டிகள். அலை கொஞ்சம் அடித்தாலும் ரேடார் திரையில் அலையும் அதுவும் ஒரே மாதிரிப் புள்ளிகளாகத்தான் தெரியும். அவை பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்தவை என்பதால் இறுகிப்போய் மிகக் கடினமாக இருக்கும்.

பனியிலும் வகை உண்டு. அந்த ஆண்டு உறைந்த கடற்பனி கொஞ்சம் மென்மையானது. பல ஆண்டு கரையாமல் கிடந்ததும் பனியாற்றிலிருந்து வந்ததும் கல் மாதிரி. 2007 நவம்பர் 23 அன்று அன்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவருகே மூழ்கிய ‘எக்ஸ்ப்ளோரர்’ கப்பலின் கதையில் இதுதான் நடந்தது. துருவச் சுற்றுலாவுக்காகவே 1969இல் கட்டிய, பனியைத் தாங்கும் உடல்கொண்ட கப்பல் அது. கேப்டன் பனியில் நல்ல அனுபவமுள்ளவர், ஆனால் அந்த அனுபவம் பால்டிக் கடலில் கிடைத்தது. எதிரே இருந்தது மென்மையான முதலாண்டுப் பனி என்று எண்ணி, தேவைக்கு அதிகமான வேகத்தில் அதற்குள் நுழைந்தார் என்றது விசாரணை. கடினமான பனி கப்பலின் பக்கத்தைக் கிழித்தது. இதனால்தான் ‘பனியில் ஓட்டிய அனுபவம்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது, எந்தக் கடலின் பனியில் என்று கேட்க வேண்டும்.

திசைகாட்டியும் அங்கே கை கொடுக்காது. காந்த ஊசி காந்தத் துருவத்தை நெருங்க நெருங்கக் கீழ்நோக்கி இழுபட்டு, பக்கவாட்டில் தடுமாறும். பூமியின் சுழற்சியை வைத்து வடக்கைக் காட்டும் கைரோ திசைகாட்டியும் துருவத்தை நெருங்கும்போது பலவீனமாகிவிடும். அதனால் 80 பாகை அட்சரேகைக்கு மேலே போகும் கப்பல்களில் செயற்கைக்கோள் திசைகாட்டி கட்டாயம். தகவல்தொடர்பிலும் இதே கதைதான். பூமத்திய ரேகைக்கு மேல் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். துருவத்துக்கு மேலாகச் சுற்றும் இரிடியம் போன்ற செயற்கைக்கோள்கள்தான் அங்கே பேச உதவுகின்றன.

உதவி எவ்வளவு தூரம்?

2023 செப்டம்பர் 11 அன்று கிரீன்லாந்தின் வடகிழக்கில் ஆல்ப்ஃபியோர்டில் ‘ஓஷன் எக்ஸ்ப்ளோரர்’ தரைதட்டியது. 2021இல் கட்டிய புத்தம்புதுக் கப்பல், 206 பேர். கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கிலிருந்து 1,400 கி.மீ. தூரம். உதவிக்குப் புறப்பட்ட டென்மார்க் ரோந்துக் கப்பல் 2,000 கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. கடல் ஏற்றத்தில் கப்பல் தானாக மிதந்துவிடும் என்று காத்திருந்தார்கள், நடக்கவில்லை. ‘தராஜோக்’ என்ற மீன்வள ஆய்வுக் கப்பல் வந்து, செப்டம்பர் 14 அன்று ஏற்ற நேரத்தில் இழுத்து விடுவித்தது.

நம் ஊர்க் கடலில் ஒரு கப்பல் பழுதானால் சில மணி நேரத்தில் யாராவது வந்துவிடுவார்கள். அங்கே நாள் கணக்கு. இதை அடிப்படையாக வைத்துத்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு துருவ விதிமுறையைக் கொண்டுவந்தது. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பனியைத் தாங்கும் திறனைப் பொறுத்துக் கப்பல்களை மூன்று வகையாகப் பிரித்து, எந்தப் பனி வரை போகலாம் என்று சான்றிதழ் தருகிறது. பனிக்கடலில் ஓட்டுவதற்கான தனிப் பயிற்சியை அதிகாரிகளுக்குக் கட்டாயமாக்குகிறது. பனிக்கு ஏற்பக் கட்டும் புதிய கப்பல்களில் தனித்தனியாக இயங்கும் இரண்டு எக்கோ சவுண்டர் வேண்டும், அல்லது ஒன்றிலேயே ஒலியை அனுப்பி வாங்கும் தனித்தனிக் கருவிகள் இரண்டு வேண்டும் என்கிறது.

அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஐந்து நாள் என்ற எண். கப்பலைக் கைவிட நேர்ந்தால், மீட்பு வரும்வரை, குறைந்தது ஐந்து நாள் பயணிகளை உயிரோடு வைத்திருக்கும் வசதிகள் இருக்க வேண்டும். காகிதத்தில் எழுதுவது எளிது. 2016இல் நார்வேக்காரர்கள் தங்கள் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் வடக்கே உண்மையான ஆட்களை லைஃப்போட்டிலும் மிதவையிலும் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். காற்றோ புயலோ இல்லாத நிலையிலேயே ஒரு நாளைத் தாண்டுவது பெரும்பாடாக இருந்தது. மிதவையின் தரை வழியாகக் குளிர் ஏறும், ஈரம் சொட்டும், காலை நீட்ட இடமிருக்காது. பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கே இப்படி. இந்தக் கப்பல்களில் போகும் பயணிகளில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். ஐந்து நாள் என்ற விதியை உண்மையாக்க இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

நடந்த விபத்துகளில் காப்பாற்றியது யார் என்று பார்த்தால் ஒன்று புரியும். எக்ஸ்ப்ளோரரின் 154 பேரும் திறந்த படகுகளில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள், கடல் அன்று அமைதியாக இருந்தது. வந்து ஏற்றிக்கொண்டது ‘நோர்ட்நோர்கெ’ என்ற இன்னொரு சுற்றுலாக் கப்பல். அகாடமிக் இயோஃபின் பயணிகளை ஏற்றிக்கொண்டது அதன் சகோதரிக் கப்பல் ‘அகாடமிக் செர்கேய் வாவிலோவ்’. ஆக, பக்கத்தில் இருக்கும் இன்னொரு சுற்றுலாக் கப்பல்தான் அங்கே ஆம்புலன்ஸ். அன்டார்க்டிகாவிலும் ஆர்க்டிக்கிலும் இயங்கும் நிறுவனங்களின் சங்கங்கள் தங்கள் கப்பல்களின் பயணத் திட்டத்தை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்வதற்கு இது வலுவான காரணம். 2016இல் சுமார் ஆயிரம் பயணிகளோடு வடமேற்குப் பாதையை, அதாவது கனடாவின் வடக்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் கடல்வழியை, கடந்த ‘கிரிஸ்டல் செரினிட்டி’ தன்னோடு ‘எர்னஸ்ட் ஷேக்கிள்டன்’ என்ற துணைக்கப்பலையும் ஹெலிகாப்டர்களையும் கூட்டிக்கொண்டு போனது. செலவு அதிகம்தான். ஆயிரம் பேரை அங்கே கொண்டுபோக நினைப்பவர்கள் அந்தச் செலவைச் செய்துதான் ஆக வேண்டும்.

தடம் விட்டுப் போகும் கப்பல்

பனியாறுகள் பின்வாங்கப் பின்வாங்க, நேற்றுவரை பனிக்கு அடியில் இருந்த நீர் இன்று திறந்து கிடக்கிறது. பயணிகளுக்குப் பனியாற்றின் முகப்பை அருகில் பார்க்க ஆசை, கப்பலும் அங்கேதான் போகிறது. அந்த நீரை இதுவரை யாரும் அளந்ததே இல்லை. அரசு அளவைக் கப்பல்கள் ஆர்க்டிக்கில் வேலை செய்ய ஆண்டுக்குச் சில மாதங்கள்தான் கிடைக்கும், எல்லாவற்றையும் அவை அளந்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் கனடா, எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் அளக்க முயலாமல், கப்பல்கள் அதிகம் போகும் சில வழித்தடங்களைத் தேர்ந்து அவற்றை முதலில் அளக்கிறது. அந்தத் தடத்துக்குள் போகிறவரைக்கும் ஓரளவு தைரியமாகப் போகலாம்.

தடத்துக்கு வெளியே போகும் கப்பல்களும் இப்போது ஒரு வேலை செய்கின்றன. எக்கோ சவுண்டர் எப்படியும் நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதோடு ஒரு சிறு பதிவுக் கருவியை இணைத்தால், ஜிபிஎஸ் இடமும் ஆழமும் நேரமும் தானாகச் சேமிக்கப்படும். அந்தப் பதிவுகளை அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள சர்வதேச நீரளவியல் அமைப்பின் தரவு மையத்துக்கு அனுப்பலாம். ஒரு கப்பல் ஒரு கோடையில் ஒரே ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கிடையே உள்நுழையும் குறுகிய கடல்நீர்) பத்து முறை போய் வந்து, ஒவ்வொரு முறையும் பழைய தடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால், 1965இல் ஒற்றை வரிசையாக இருந்த இடத்தில் பத்து வரிசைகள் வந்துவிடும். அப்போதும் இடைவெளிகள் இருக்கும், அவற்றில் பாறையும் இருக்கலாம். அடுத்து வரும் கேப்டன் அந்த இடைவெளிகளைச் சார்ட்டில் பார்த்து, அங்கே ஐந்து நாட் வேகத்தில் போவார்.